கேள்வி கேட்காத மருத்துவர்

ஓய்வு பெற்றுவிட்ட நான் போன வாரம் நம் டிராவல் ஏஜென்சிக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு யோசனை கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் முகத் தொய்வை இழுத்துத் தைக்கும் அறுவை சிகிச்சைக்காக வெளிநாடு போக விரும்புகிறார். டிக்கெட் போடும் கையோடு நல்ல மருத்துவர் ஒருவரையும் நாமே சொல்ல வேண்டும் என்கிறார். யாரைச் சொல்லலாம் என்று. நான் பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மரியாதை இல்லாத கிழவன் என்று நினைத்திருப்பீர்கள்.

இதே கேள்வியை எழுபதுகளில் ஒரு பெண்மணி என்னிடம் கேட்டார். அன்று நான் பதில் சொன்னேன். என்ன ஆயிற்று என்பதை எழுதித் தருகிறேன். வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். வீட்டில் போய்ப் படியுங்கள்.

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. தூத்துக்குடி பீச் ரோட்டில், கப்பல் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் போட்டுக் கொடுக்கிற ஒரு சின்ன ஏஜென்சியில் எழுத்தர். எழுத்தர் என்றால் எல்லாம்தான். பாஸ்போர்ட் படிவம் நிரப்புவது, வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது, சென்னைக்கு டிரங்க் கால் போடுவது எல்லாம் என் வேலை. புதிய துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. முதலாளி பாதி நாள் சென்னையில் இருப்பார். நான்தான் அலுவலகம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ரெஜினாம்மாவை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகள் மூன்று அவருக்கு இருந்தன. கணவர் குடும்பம் ஒரு காலத்தில் முத்துக் குளிக்கும் சலாபத்துக்குப் படகு விட்ட குடும்பம். சலாபம் நின்றபின் தோணியோடு இருந்துவிட்டார்கள். கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. தோணியை விற்றுவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தபோது, அந்த அம்மா தோணிக்குச் சரக்குப் பதியும் கடையைத் திறந்து கணவரின் நாற்காலியில் உட்கார்ந்தார். தோணியை நடத்தும் தண்டல்கள் மூன்று பேரும் அவர் முன்னால் கையைக் கட்டித்தான் நிற்பார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தோரு வயது.

ஒரு நாள் மத்தியானம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். தங்கை செலினையும் கூட்டி வந்திருந்தார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கதவைச் சாத்தச் சொன்னார். செலின் கைப்பையிலிருந்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையை எடுத்து விரித்தார். ஒரே பெண்ணின் இரண்டு படங்கள். முதல் படத்தில் கன்னமும் தாடையும் தொங்கிக் கிடந்தன. இரண்டாவதில் இல்லை.

"சிங்கப்பூர்ல செய்யுதாங்களாம். எனக்கு இது செய்யணும் தம்பி" என்றார் ரெஜினாம்மா.

நான் சிரித்துவிட்டேனோ என்னவோ. அவர் முகம் மாறவில்லை.

"ஆசைக்குப் பண்ணுதேன்னு நெனைக்காத. அவிய போயி ஆறு வருசம் ஆச்சு. நான் நல்லாத்தான் இருக்கேன். நல்லாத் தின்னுதேன், நல்லா ஒறங்குதேன். ஆனா பாக்குதவன் எல்லாம் 'ஒடம்பு சரியில்லையாம்மா'ன்னு கேக்கான். முகம் மட்டும் தன்னால அழுதுட்டு இருக்கு. சரக்கு போட வாரவன் என்கிட்ட விலை பேச மாட்டேங்கான், செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி துட்டி விசாரிக்கான். கொழுந்தன் சேவியரு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதான், மதினி தளந்துட்டாவ, இனி தோணிய நாந்தான் பாக்கணும்னு."

அந்தப் பேச்சில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. அவர் ஏன் போக விரும்பினார் என்பதில் நான் குற்றம் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீர்கள். அது நம் வேலை இல்லை.

அவர் வைத்த நிபந்தனை இரண்டு. யாருக்கும் தெரியக் கூடாது. பன்னிரண்டு நாளைக்கு மேல் ஆகக் கூடாது. கோவாக் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட நேர்ச்சை ஒன்று இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வார். பன்னிரண்டு நாளைத் தாண்டினால் சேவியர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான்.

"டாக்டர நீயே பாத்துச் சொல்லு. நீ படிச்சவன்" என்றார். அதுதான் என்னைக் கவிழ்த்தது. நான் படித்தது பி.காம்.

சிங்கப்பூரில் எங்களோடு தொழில் தொடர்பு வைத்திருந்த ஏஜென்சிக்கு எழுதினேன். இரண்டு மருத்துவர்களின் பெயர்கள் வந்தன. இரண்டு பேருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினேன்.

முதலாமவர் பெரிய மருத்துவமனை ஒன்றில் இருந்தவர். அவர் பதில் மூன்று பக்கம். பதில் என்று சொல்ல முடியாது, மூன்று பக்கமும் கேள்வி. இதற்கு முன் என்ன நோய்கள், என்ன மாத்திரைகள், ரத்தக் கொதிப்பு உண்டா, காயம் பட்டால் ரத்தம் நிற்க நேரமாகுமா, வீட்டில் யார் கவனித்துக்கொள்வார்கள் என்று பதினொரு கேள்விகள். கடைசிக் கேள்வி, இந்தச் சிகிச்சை எதற்காக வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பது. மூன்று வாரம் தங்க வேண்டும், நேரில் பார்த்தபின் செய்ய மாட்டேன் என்று சொல்லவும் கூடும் என்று முடித்திருந்தார்.

இரண்டாமவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை. அவரிடமிருந்து நாலே நாளில் தந்தி வந்தது. படுக்கை தயார், எட்டு நாள் போதும், தேதியைத் தெரிவிக்கவும். பின்னாலேயே வழவழப்பான தாளில் படங்கள் அச்சிட்ட ஒரு புத்தகமும் வந்தது.

ரெஜினாம்மாவுக்கு முதல் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"மாத்திரையப் பத்தி அவனுக்கு என்னத்துக்கு? முகத்தத்தான தைக்கப் போறான்? எதுக்கு வேணும்னு கேக்கானே, சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணவா நான் போறேன்? அதெல்லாம் ஒண்ணும் எழுதாண்டாம்."

என்னைப் பார்த்து, "நீ என்ன சொல்லுத?" என்றார்.

இந்த இடத்தில் நிறுத்திப் படியுங்கள். என் எதிரில் அவர் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கையில் வேலை வைக்கிற கடிதம். இன்னொரு கையில் வேலையை முடித்துவிட்ட தந்தி. எட்டு நாள் என்றால் போக வர எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நாளுக்குள் கச்சிதமாக வரும் விமானங்கள் எனக்குத் தெரியும். கால அட்டவணை மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. விமானத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"ரெண்டாவது ஆளு கைதேர்ந்தவர் மாதிரி தெரியுதும்மா. மத்தவரு பயப்படுதாரு" என்றேன்.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன் இந்தத் தொழிலில். இருக்கை உறுதியாகிவிட்டது, விசா நாளைக்கு வந்துவிடும் என்றெல்லாம். அவை பொய் என்று எனக்குத் தெரியும். இது பொய் என்றுகூட எனக்கு அன்று தெரியவில்லை. நான் நம்பித்தான் சொன்னேன்.

வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் எடுத்துப்போக அந்தக் காலத்தில் அரசாங்க அனுமதி வேண்டும். அதற்கு உள்ளூர் மருத்துவரின் கடிதம் வேண்டும். பக்கத்து நாசரேத் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் ஊரில் பெரிய டாக்டராக இருந்தார். ரெஜினாம்மாவுக்குப் பல வருஷமாக வைத்தியம் பார்ப்பவர். தொங்கிய இமை பார்வையை மறைக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதில் பாதி உண்மை. அதற்குக் கீழே, இவருக்கு நாட்பட்ட ரத்தக் கொதிப்பு உண்டு என்று எழுதி, மாத்திரையின் பெயரையும் அளவையும் தெளிவாகக் குறித்திருந்தார்.

"இதுல ஒரு நகல அந்த டாக்டருக்கு அனுப்பிரும்வே. மறந்துராதீரும்" என்றார்.

நான் மறக்கவில்லை. அனுமதிக்கு ஒரு நகல் போனது. இன்னொன்று என் ஃபைலில் இருந்தது. அனுப்பலாமா என்று எடுத்தேன். அம்மா எழுத வேண்டாம் என்றிருக்கிறார், அந்த மருத்துவரும் கேட்கவில்லை, கேட்காததை அனுப்பினால் அவரும் மூன்று பக்கம் எழுத ஆரம்பித்துவிடுவார் என்று நினைத்துத் திரும்ப வைத்துவிட்டேன்.

சகோதரிகள் இருவரும் கிளம்பிப் போனார்கள். சென்றடைந்ததாகத் தந்தி வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டாவது தந்தி வந்தது. செலின் அனுப்பியது. முகம் வீங்குகிறது, ரத்தம் நிற்கவில்லை, மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள், அக்கா தினமும் போடும் மாத்திரை எது என்று கேட்கிறார்கள், உடனே பதில்.

அப்போதுதான் கேட்டிருக்கிறார்கள். மாத்திரைகள் ரெஜினாம்மாவின் கைப்பையில் லேபிள் இல்லாத ஒரு டப்பாவில் இருந்தன. பெயர் செலினுக்குத் தெரியாது. பெயர் எழுதிய காகிதம் என் ஃபைலில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

தந்தி ஆபீஸ் எங்களுக்கு நாலு கட்டிடம் தள்ளி. ஃபைலை எடுத்துக்கொண்டு ஓடினேன். வாசல்வரை போனேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தா, சேவியரின் கூட்டாளி. சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கேரம் ஆடுவார்கள். ரத்தக் கொதிப்பு, மாத்திரை, சிங்கப்பூர் மருத்துவமனை என்று நான் எழுதிக் கொடுத்தால் பொழுது சாய்வதற்குள் சேவியருக்குத் தெரிந்துவிடும். யாருக்கும் தெரியக் கூடாது என்பது முதல் நிபந்தனை. நான் சத்தியம் செய்யாத குறையாக ஒத்துக்கொண்டது.

வாசலிலிருந்து திரும்பினேன். திருநெல்வேலிக்குப் போய் அங்கிருந்து தந்தி கொடுப்பது என்று முடிவு செய்து பஸ் ஏறினேன். அப்போது அது எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

வழியில் இருக்கிற புதுக்கோட்டை என்கிற சின்ன ஊரில் பஸ் டயர் வெடித்தது. எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மாற்று டயரிலும் காற்று இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து அந்த ஊர்த் தபாலாபீஸின் சிவப்புப் பலகை தெரிந்தது. அங்கேயும் தந்தி வசதி உண்டு. ஆனால் அந்தப் போஸ்ட் மாஸ்டரின் மைத்துனன் ரெஜினாம்மாவின் கடையில் கணக்கெழுதுகிறவன். வெயிலில் முக்கால் மணி நேரம் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடுத்த பஸ் வந்தது. ஏறினேன்.

திருநெல்வேலியில் தந்தியைக் கொடுத்தபோது மணி இரண்டரை.

திரும்பும் வழியில்தான் ஒன்று உறைத்தது. செலினின் தந்தி தூத்துக்குடிக்கு வந்ததே அந்தக் குமாஸ்தாவின் கை வழியாகத்தான். ரத்தம், தியேட்டர், அக்கா, செலின் எல்லாவற்றையும் அவன் தன் கையால் எழுதித்தான் எனக்கு அனுப்பியிருந்தான். காப்பாற்ற ஒன்றுமே மிச்சமில்லாத ரகசியத்துக்காக நாலரை மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறேன்.

என் தந்தி போய்ச் சேர்ந்தபோது இரண்டாவது அறுவை முடிந்திருந்தது. ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. நிறுத்துகிற அவசரத்தில் இடது பக்க முகத்தை அசைக்கும் நரம்பு போய்விட்டது.

செலின் பிறகு எனக்கு எல்லாம் சொன்னார். அந்த மருத்துவர் ரெஜினாம்மாவை முதன்முதலாகப் பார்த்ததே அறுவைக்குப் பத்து நிமிஷம் முன்னால்தான். நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்து அதிகமாக இருக்கிறது என்றிருக்கிறாள். பிரயாணக் களைப்பு, பயம் என்று சொல்லிவிட்டாராம். அன்று அவருக்கு இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். ஊர் திரும்பும் முன் செலின் அக்காவை அந்த முதல் மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கிறார். அவர் முக்கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பதினொரு கேள்விகளையும் ஒன்றொன்றாகக் கேட்டாராம். ரெஜினாம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாராம். நரம்பு ஒரு வருஷத்தில் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றிருக்கிறார். தேறவில்லை.

ஏழு வாரம் கழித்து ஊருக்கு வந்தார்கள். அதற்குள் சேவியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ரெஜினாம்மாவுக்குக் கோவாவில் பக்கவாதம் வந்துவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது. குமாஸ்தா வாயைத் திறந்தானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. பக்கவாதம் என்பதையே குடும்பமும் ஒத்துக்கொண்டது. தெருவில் யாராவது என்னிடம் கேட்டால் நானும், ஆமாம், பக்கவாதம்தான், பாவம் என்றேன்.

முதலாளி சென்னையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "இதுல உமக்கு என்னவே கவலை? நம்ம வேல டிக்கெட் போடுதது. பிளேன் நேரத்துக்குப் போச்சுல்லா?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தார்.

நாசரேத்து டாக்டரிடம் போனேன். நாலரை மணி நேரம் முன்னால் என் தந்தி போயிருந்தால் மாறியிருக்குமா என்று கேட்டேன். அவர் நோயாளிகளை வெளியே இருக்கச் சொன்னார்.

"மாறியிருக்கலாம். மாறாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதுவே. யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாததத்தான் நீரு வச்சுக்கிடணும்."

நகலை அனுப்பினீரா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரெஜினாம்மா வீட்டுக்குப் போக எனக்கு இன்னொரு மாதம் ஆயிற்று. முன்னறையில் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் பத்து வயது குறைந்த முகம். பத்திரிகைப் படம் மாதிரியே இருந்தது. இடது பக்கம் மெழுகு ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் இருந்தது. இடது கண் மூடவில்லை. காப்பி குடிக்கும்போது கைக்குட்டையை வாயோரம் பிடித்துக்கொண்டார். 'ப'வும் 'ம'வும் உதட்டில் நிற்காமல் காற்றாகப் போயின. அவர் பேசியதை முழுசாகத்தான் எழுதுகிறேன். அந்த ஓசையை எழுத எனக்கு மனம் வரவில்லை.

"அந்த மாத்திரைய எழுதினியா தம்பி?"

"அவங்க கேக்கலம்மா."

"அவன் கேக்கல. நான் எழுதாண்டாம்னு சொன்னேன். நீ எழுதல. மூணு பேரும் சேந்துதான் செஞ்சோம்." கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அனுபவிக்கது நான் ஒருத்திதான். காப்பிய ஆறவிடாத, குடி."

குடித்தேன்.

தோணிகள் அந்த வருஷமே சேவியர் பெயருக்கு மாறின. அந்த அம்மா சண்டை போடவில்லை. சரக்கு போட வருபவர்கள் தன் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், குனிந்த தலையோடு எப்படி விலை பேசுவது என்று செலினிடம் சொன்னாராம்.

அதற்குப்பின் இந்தத் தொழிலில் இன்னும் முப்பது வருஷம் இருந்தேன். வைத்தியத்துக்காக எத்தனையோ பேரை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பியிருக்கிறேன். மருத்துவர் பெயரை நானாக யாருக்கும் சொன்னதில்லை. கடிதம் மட்டும் எழுதுவேன். உள்ளூர் டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தாரோ அதை, வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டாலும், அப்படியே அனுப்புவேன். வேண்டாம் என்றால் வேறு ஏஜென்சியைப் பார்க்கச் சொல்வேன். சிலர் போனார்கள். பதில் வந்தால், அதில் எத்தனை கேள்வி இருக்கிறது என்று பார்ப்பேன். ஒன்றுமே கேட்காமல் தேதி கேட்டு எழுதுகிற மருத்துவரின் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது, "இவரு உங்களப் பத்தி ஒண்ணுமே கேக்கல" என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் அவர்கள் பாடு.

இப்போது உங்களுக்குக் கணினி இருக்கிறது. மருத்துவருக்கு எத்தனை நட்சத்திரம் என்று அதில் தெரிகிறதாம். அந்த வழவழப்பான புத்தகமும் நட்சத்திரம் மாதிரிதான் இருந்தது. வேலையை எளிதாக்குகிறவனை நல்லவன் என்று நினைப்பது நம் தொழிலின் நோய். நமக்கு எது எளிது என்பது ஒன்று, பயணியின் முகத்துக்கு எது நல்லது என்பது வேறொன்று. இரண்டும் ஒன்றாக இருக்கிற நாளும் உண்டு. எந்த நாள் அப்படி இல்லை என்பது முன்கூட்டித் தெரியாது.

கடைசியாக ஒன்று. நாலு வருஷம் கழித்து ரெஜினாம்மா மறுபடி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கொழும்பில் கட்டிக் கொடுத்திருந்த மகளோடு போய் இருந்துவிட முடிவு செய்திருந்தார். பழைய பாஸ்போர்ட்டில் இருந்தது பழைய முகம். புதிதாக எடுக்க வேண்டும். ஊரில் வேறு ஏஜென்சிகள் வந்துவிட்டிருந்தன. ஆனாலும் என்னிடம்தான் வந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினேன். பெயர், பிறந்த ஊர், உயரம், கண்ணின் நிறம். அதற்கடுத்து, வெளிப்படையாகத் தெரியும் அடையாளம் என்று ஒரு கட்டம். என் பேனா நின்றுவிட்டது.

"என்ன கேக்கான்?" என்றார்.

சொன்னேன். பிறகு நானாகவே அவசரமாக, "வலது கையில ஒரு மச்சம் இருக்குல்லாம்மா. அத எழுதிருதேன். அது போதும்" என்றேன்.

அவர் முகத்தின் ஒரு பாதி என்னைப் பார்த்துச் சிரித்தது.

"மச்சத்த எழுதி யார ஏமாத்தப் போற? அவன் கேக்கான்ல. கேட்டதுக்கு உள்ளத எழுது."

எழுதினேன். இடது பக்க முகம் அசையாது என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கட்டம் சின்னது. எழுத்தைக் குறுக்கிக் குறுக்கி எழுத வேண்டியிருந்தது. என்ன எழுதியிருக்கிறேன் என்று தமிழில் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். ஒரு சொல் விடாமல் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். அதையும் வாசித்து முடித்தபின், பேனாவை என் கையிலிருந்து வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.